மூலம்: சம்சாரம்

என் வீட்டுக்காரர் திருடுவார் என்பது கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பயப்பட வேண்டாம், திருடியதெல்லாம் பாட்டுத்தான். பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். மாலையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய நாடக சபைக்குப் பாட்டு எழுதுகிறவர். அந்தச் சபை போட்டதெல்லாம் சிரிப்பு நாடகம். நோட்டீஸில் மட்டும் 'சங்கீத ஹாஸ்ய நாடகம்' என்று கம்பீரமாக அச்சாகும். வசனம் என்று தனியாக எதுவும் கிடையாது. பல்வலி, பஸ் தாமதம், மாமியார் வருகை எல்லாவற்றையும் பாடியே தீர்ப்பார்கள். கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் போக வேண்டுமே என்று பொழுது சாயும் முன்பே தொடங்கி, விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

நான் கிழக்கே, நாஞ்சில் வயல்காட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். படித்தது மிஷன் பெண்கள் பள்ளியில். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் தினமும் காலை ஜெபத்தில் நின்று நின்று கீர்த்தனை முழுவதும் எனக்கு மனப்பாடம். ஊரில் கோயில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு. பள்ளியில் தமிழ் எடுத்த டீச்சரம்மாவோ, செய்யுள் ஒப்பிக்காத பெண்ணை மத்தியானச் சாப்பாட்டுக்கு விடமாட்டார். பசி பொறுக்காதவள் நான், அதனால் நிறையச் செய்யுள் தெரியும். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவள் முன்னாலேயே ஒருவர் எடுத்த பாட்டைத் தன் பாட்டு என்று மேடையேற்றினால் அவள் சும்மா இருப்பாளா?

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்களுக்கு ஒரு வாடகை வீடு. அங்கே குடிவந்த புதிதில்தான் அவருடைய நாடகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு ஆள் குடையோடு சாலையோரம் நின்று, வராத நாகர்கோவில் பஸ்ஸைப் பார்த்துப் பாடுகிறான்.

ஓட்டை ஜன்னல் உனக்கும் உண்டு,
ஒழுகும் குடையோ எனக்கும் உண்டு,
கூட்டுச் சேர்ந்து போவோம் பஸ்ஸே,
கூப்பிட்டேன் நான் வாராயோ!

கொட்டகை சிரித்தது. அடுத்த பாட்டில், "மாட்டு வண்டிகூட நேரத்துக்கு வருகிறது, உனக்கு என்ன கேடு" என்று குத்திக் காட்டினான். அதற்கடுத்து, "வந்தால் உன் ஹாரனுக்குச் சந்தனம் பூசுவேன்" என்று ஆசை காட்டினான். கடைசியில், "வராவிட்டால் நடந்தே போய்விடுவேன், ஜாக்கிரதை" என்று மிரட்டினான். எனக்குப் பொறி தட்டியது. பிள்ளைத்தமிழ் என்று ஒரு பழைய வகை இருக்கிறது. அதில் குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடும் ஒரு பகுதி வரும். அதற்கு நான்கு வழி: நீயும் இவனும் ஒன்று என்று குழைவது, இவன் உன்னைவிட உசத்தி என்று குத்துவது, வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவது, வராவிட்டால் பார் என்று மிரட்டுவது. டீச்சரம்மா பட்டினி போட்டுப் படிப்பித்தது வீண்போகவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"இஞ்ச பாருங்க, நிலாவக் கொண்டு வந்து ரோட்டுல பஸ்ஸா நிறுத்திட்டிய, இல்லியா?"

அவர் நின்றுவிட்டார். மாட்டிக்கொண்ட ஆள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ முகமெல்லாம் பல்.

"கண்டுபிடிச்சிட்டியா ஏட்டி! இவ்வளவு நாளா எழுதுதேன், ஊருல ஒருத்தனும் கண்டுபிடிக்கல்ல. ஒருத்தனும் கண்டுபிடிக்கல்லன்னா எடுத்ததுல என்ன சொகம் இருக்கு?"

அன்று தொடங்கியது எங்கள் விளையாட்டு. நாடகம் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் அவர், "மூலம் என்ன, சொல்லு பாப்போம்" என்பார். நான் மூலத்தைச் சொல்லிவிட்டால் மறுநாள் தேங்காய் துருவுவது அவர் பாடு. சொல்லாவிட்டால் என் பாடு. எங்கள் பக்கத்துச் சமையலில் தேங்காய் இல்லாத நாள் கிடையாது என்பதால் இது சின்னப் பந்தயம் இல்லை.

பெரும்பாலும் அவர்தான் துருவினார். மனைவி கதவை அடைத்துவிட, வெளியே நிற்கும் குடிகாரன் பாடிய பாட்டுக்கு மெட்டு, பாவிகளை மனந்திரும்பக் கூப்பிடும் ஒரு கீர்த்தனை. முன் வரிசையில் இருந்த சர்ச் மூப்பர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாட்டு முடிந்ததும் தன்னை அறியாமல் "ஆமென்" என்றார். பல் பிடுங்கும் காட்சிக்கு எடுத்ததோ வில்லுப்பாட்டில் சாமி வருகிற இடத்து வேகம். வைத்தியன் இடுக்கியைத் தூக்கிப் பாட ஆரம்பித்ததுமே பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. திருநீறு பூசி உட்கார வைக்கும்வரை அந்தப் பல் பிடுங்கப்படாமலேயே இருந்தது.

ஒரே ஒரு தடவை தோற்றேன். எங்கேயோ கேட்ட சந்தம், எந்தச் செய்யுளிலும் அகப்படவில்லை. பிறகு பார்த்தால், பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை ஏலம் போடுகிற மாதிரி அடுக்குவாரே, அது. "அது இலக்கியமா?" என்று சண்டை போட்டேன். "கேக்க நல்லா இருந்துல்லா? அப்ப இலக்கியம்தான். துருவு" என்றார்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், எடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை என்று தெரியத்தான். எடுத்தவர் எங்கே எடுத்தோம் என்று ஒருத்தியிடமாவது ஒத்துக்கொண்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்குப் போகிற கூட்டம் எங்கள் வழியாகத்தான் போகும். அந்த நாட்களில் நாடகம் போட்டால் கொட்டகை நிரம்பும். அந்த வருஷம் ஒரு கான்ஸ்டபிளையும் அவன் மனைவியையும் வைத்து நாடகம். மனைவி வேஷம் கட்டியது தபால் ஆபீஸ் குமாஸ்தா, பனைமரம் மாதிரி உயரம். சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விசிலோடு நிற்கும் புருஷனைப் பார்த்துப் பாடினார்.

அரிசி கேட்டால் ஆகாசம் பார்ப்பீர், அந்த
ஆகாசத்தை உலையில் போடவோ?
விசில் ஊதினால் வீதியே நிற்கும், அடுப்பில்
வெந்து பொங்கும் பால் நிற்குமோ?

முதல் அடிக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே என்று வழக்கம்போல மூலத்தைத் தேடினேன். கீர்த்தனையில் தேடினேன், வில்லில் தேடினேன், டீச்சரம்மாவின் செய்யுளில் தேடினேன். அதற்குள் பாலும் விசிலும் வந்துவிட்டன. மூலம் என் அடுப்பங்கரை.

அரிசி வாங்கப் போனவர் வழியில் சந்தம் தட்டுப்பட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்த அன்று நான் சொன்னது அது. பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போய், பொங்கி வழிந்த அடுப்பைப் பார்த்த அன்று சொன்னது மற்றது. "நீங்க விசிலு ஊதினா பள்ளிக்கூடமே நிக்கும். அடுப்புல பாலு நிக்குமா?" என்றுதான் கேட்டேன். பள்ளிக்கூடத்தை வீதியாக்கியதும், அதைத் தன் ட்ரில்லுக்கு ஏற்ப லெஃப்ட் ரைட் சந்தத்தில் போட்டதும் மட்டும்தான் அவர் வேலை. இடுப்பில் கை வைப்பதுகூட என்னுடையது. கொட்டகை "ஒன்ஸ் மோர்" கேட்டது. குமாஸ்தா மறுபடி பாடினார்.

அப்போதுகூட எனக்குப் பாதி கோபம், பாதி பெருமை. என் வாய்க்கு இவ்வளவு கைதட்டலா என்று நினைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே அவருக்காக நின்றேன். ஆர்மோனியம் வாசிக்கும் மலையாள வாத்தியாரும் அவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த வாத்தியார் மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்து ஆள். தங்கமான மனுஷர், தமிழும் பேசுவார், அவர் வழியில்.

"சாரே, இந்தப் பாட்டு ரொம்ப ஜோர். இதெல்லாம் எங்கேந்து கிட்டுது?"

என் வீட்டுக்காரர் நான் நிற்பதைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகச் சொன்னார்.

"எல்லாம் கற்பனைதான் சார்."

கற்பனையாம்! நிலாவை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்ட மனுஷர், கீர்த்தனையை எடுத்தேன் என்று பீற்றிக்கொண்ட மனுஷர், கண்டக்டரிடம் எடுத்ததைக்கூடச் சொல்லிச் சிரித்தவர், என்னிடம் எடுத்ததை மட்டும் கற்பனை என்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் மூலம் என்ன என்றும் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்டார். என் பேச்சை எடுத்தவருக்கு நான் ஒரு பொருட்டே இல்லையா?

அன்றிலிருந்து நான் பேச்சை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் இதை மிண்டாமல் இருப்பது என்பார்கள். சமைத்தேன், பரிமாறினேன், மிண்டவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டுப் பூனையிடம் சொன்னேன். அவரும் வேறு வழியில்லாமல் பூனையிடமே பதில் சொன்னார். அந்தப் பூனை அவ்வளவு மரியாதையோடு அதற்கு முன்பும் பின்பும் நடத்தப்பட்டதில்லை.

"யாரு வாயில இருந்து பாட்டு வந்துதோ, அவளச் சொல்லி நோட்டீஸ்ல போடணும். அதுவரைக்கும் இந்த வாயில இருந்து ஒண்ணும் கெடைக்காது" என்றேன் பூனையிடம்.

அவர் பூனையைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார். "ட்ரில் மாஸ்டருக்குப் பொண்டாட்டிதான் பாட்டு சொல்லிக் குடுக்கான்னு பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா என்ன ஆவும்? மறுநாள் நான் விசிலு ஊதினா ஒருத்தன் நிப்பானா?"

அவர் பயம் அவருக்கு நிஜம். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் வாயும் எனக்கு நிஜம்தானே!

சித்திரை விசுவுக்கு அடுத்த நாடகம். அவர் எழுதி எழுதிக் கிழித்தார். கீர்த்தனை இருந்தது, வில்லு இருந்தது, செய்யுள் இருந்தது, எல்லாம் உப்பில்லாத கஞ்சி. ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஒருநாள் மாலை ஆர்மோனிய வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுப்பங்கரையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கிழக்கில் சம்சாரம் என்றால் மனைவி. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போய், மலையாளம் பேசுகிறவரிடம் சம்சாரம் என்றால், பேச்சு. கோட்டைக்குள் இரண்டு கூட்டமும் கலந்து இருந்தோம். யார் எந்தச் சம்சாரத்தைச் சொல்கிறார் என்று ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் இருந்த மனநிலையில் ஆளைப் பார்க்க மறந்துவிட்டார்.

"சாரே, கழிஞ்ச நாடகத்துல சம்சாரம் எத்தர நல்லா இருந்து! இதுல சம்சாரமே இல்லல்லோ" என்றார் வாத்தியார்.

"சம்சாரமா?" என் வீட்டுக்காரர் குரல் நடுங்கியது. "உள்ளதானே இருக்கா..."

"உள்ளே இருந்தா போதுமோ சாரே? வெளியில வரண்டே? ஜனங்க கேக்கண்டே?"

"ஜனங்க முன்னால எப்பிடி சார் கொண்டு வர?"

"முன்னே கொண்டு வந்நதல்லே! அந்தக் கான்ஸ்டபிள் நாடகத்துல முழுக்க சம்சாரந்தான். அதல்லே ஜனங்க சிரிச்சது."

என் வீட்டுக்காரர் மெல்லிய குரலில், "உமக்கு எப்பிடி சார் தெரிஞ்சுது?" என்றார்.

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அரிவாள்மணை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தால் பிடிவாதம் போச்சு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பூனை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. வாத்தியார் ஒன்றும் விளங்காமல் சாயா குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். வானத்தைப் பார்க்கிறபோது வருமே, அந்த முகம். சந்தம் தட்டுப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. பேனாவைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

விசுவுக்கு முந்தின வாரம் சந்தைக்குப் போகும்போது கோட்டை வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கான்ஸ்டபிள் நாடகத்தையே புதுப் பாட்டுகள் சேர்த்து மறுபடி போடுகிறார்கள். கீழே, வழக்கமான இடத்தில் இப்படி இருந்தது: 'பாடல்கள்: ட்ரில் மாஸ்டர். மூலம்: சம்சாரம்.'

அங்கேயே நின்று படித்தேன். பக்கத்தில் என் அண்டை வீட்டுக்காரி. அவளும் கிழக்கத்திக்காரிதான். "மூலமா? ஒனக்கா? சொல்லவே இல்லியே மக்கா, கருணைக்கிழங்கு அவிச்சுத் திங்கப்பிடாதா?" என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாடகத்தன்று அந்த வரியை மேடையில் அறிவித்தது ஆர்மோனிய வாத்தியார். அவருக்கு அதில் ஒளிவுமறைவு இருப்பதே தெரியாது. "பாட்டுகளுக்கு மூலம் சம்சாரம். அதாவது, நாம தினமும் வீட்டில பறையிற சம்சாரந்தான்" என்று விளக்கமும் கொடுத்தார். கொட்டகையில் பாதிப் பேர், ஆமாம், ஆமாம், பேச்சிலிருந்துதான் பாட்டு வர வேண்டும் என்று கௌரவமாகத் தலையாட்டினார்கள். மீதிப் பாதி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. தலையாட்டியவர்களுக்கு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மூலம் என்ன, கண்டுபிடிச்சியா ஏட்டி?"

பந்தயம் என்று வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அது அவருக்கும் தெரியும்.

"கிழக்கே நின்னு பாத்தா நான். மேற்கே நின்னு பாத்தா நான் இல்ல. ஒளிஞ்சுக்கிட நல்ல எடமாத்தான் பாத்திருக்கிய."

"பாதி ஊருக்குச் சொல்லியாச்சுல்லா?"

"மிச்சம் பாதிக்கு?"

அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். யாராவது கேட்டால் இந்த அர்த்தம், கேட்காவிட்டால் அந்த அர்த்தம் என்று வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு கால் வைத்து நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதே சமயம் அந்த இரட்டை வார்த்தையின் அழகு என்னைக் கட்டிப்போட்டது. இப்படி ஒன்றை நான் யோசிக்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. பேச ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் அவர், பேச்சு என்றே அர்த்தம் சொல்லி வந்தார் என்பது பிறகு என் காதுக்கு வந்தது. அதற்கும் வசவு வாங்கினார். பூனை மறுபடி வெறும் பூனையாயிற்று.

அந்த வருஷம் நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் மலையாளத் திருக்கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடிச் சத்தம், மாலை, ஊர்வலம். அந்தச் சத்தம் அடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த மலையாளத்து சார்மார் வடக்கே வேலையை மாற்றிக்கொண்டு போனார்கள். ஆர்மோனிய வாத்தியாரும் குடும்பத்தோடு புறப்பட்டார். வண்டியில் சாமான் ஏற்றிய பிறகு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்சாரத்த மட்டும் விடாதேயும் சாரே" என்றார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. என்னைத்தான் சொன்னாரா, பேச்சைத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கும் அழுகை வந்தது.

கார்த்திகையில் சபை அதே நாடகத்தைப் போடத் தீர்மானித்தது. பழைய நோட்டீஸை முன்னால் வைத்துக்கொண்டு அவர் அச்சாபீஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கீழ் வரிக்கு வந்ததும் பேனா நின்றது. காரணம் எனக்குச் சொல்லாமலே விளங்கியது. கோட்டைக்குள் அந்த வார்த்தைக்கு இருந்த இன்னொரு அர்த்தம், வண்டி ஏறி வடக்கே போய்விட்டது. இப்போது யார் படித்தாலும் சம்சாரம் என்றால் பொண்டாட்டி, அவ்வளவுதான். ஒளிய இடமில்லை.

எனக்கே பாவமாகிவிட்டது. "வேணும்னா எடுத்திருங்க. பள்ளிக்கூடத்துப் பயலுவ சிரிப்பானுவ. பொறவு விசிலுக்கு நிக்க மாட்டானுவ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அப்படியே எழுதி, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "தேங்காய வச்சிரு, வந்து துருவுதேன்" என்றார்.

நாடகம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அவர் வருகிற நேரத்தில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

"விசிலு ஊதினேன் ஏட்டி."

"நின்னானுவளா?"

"எங்க நிக்க? மைதானம் முழுக்கப் பாடுதானுவ. 'அடுப்பில் வெந்து பொங்கும் பால் நிற்குமோ'ன்னு. லெஃப்ட் ரைட்டுக்குச் சரியா வேற இருக்கு. நான் விசிலக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். கடைசி வரைக்கும் பாடிட்டு, பொறவு அவனுவளா நின்னானுவ."

"நீங்க ஒண்ணும் சொல்லல்லியா?"

"இது யாருக்க பாட்டு, லேன்னு கேட்டேன்." அவர் சிரிக்கவில்லை, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாவனும் சேந்து சொல்லுதான், உங்க சம்சாரத்துக்க பாட்டு சார்னு. ஆமா, அவளுக்க பாட்டுதான்னு சொன்னேன்."

வாய் நிற்காதவள் என்று பேர் வாங்கியவள், அவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.